ஆட்டுக்குப் போடும் பங்கைப் பீட்ரூட்டுக்கும் போட்டவளுக்கு

இன்று காலை கடையின் இரும்புக் கதவைத் தூக்குவதற்கு முன்பே லீக்ஸ் வாசம் வந்துவிட்டது. நனைந்த மண்ணோடு பிடுங்கிய, வெங்காய நெடி வீசும் லீக்ஸ். சேலைக் கடைக்குள் வரவே கூடாத வாசம். என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வந்துட்டாங்கய்யா, வந்துட்டாங்க" என்றார். முன்பெல்லாம் இதே வார்த்தையை ஏச்சாகச் சொல்வார். இன்று முகம் முழுக்கச் சிரிப்பு. ஓடிவந்து உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீ இல்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பரவாயில்லை, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் என் கொப்பியைப் பார்த்தே எழுதியவள் நீ. என் கையெழுத்து உனக்குப் புரியும்.

எல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்லப்போகிறேன். சொல்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்குத் தீபாவளிச் சேலை எடுக்க வந்திருந்தாய். முழங்கால் வலியால் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடைக்கரையில் கிடந்த தோட்டத்து நிலத்தில், செல்லம்மாக்காவையும் மேரியையும் சேர்த்துக்கொண்டு மரக்கறி போட ஆரம்பித்திருந்த நேரம். நான் வழக்கம்போலப் புலம்பிக்கொண்டிருந்தேன். நம் மலையில் விளைகிற கரட் லொறியேறித் தம்புள்ளைச் சந்தைக்குப் போகிறது. திரும்ப லொறியேறி, வாடி வதங்கி, நம் நோர்வூட் பஜாருக்கே வருகிறது. வெளிநாடு போய்வந்த மாப்பிள்ளை மாதிரி அதற்கு மவுசு வேறு என்று. நீ சேலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தபடியே கேட்டாய்.

"தீவாளிக்கு ஆட்டுக்குப் பங்கு போடுறோம்ல? அதையே பீட்ரூட்டுக்குப் போட்டா என்னாடி?"

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு வீடு மட்டும் ஆடு வாங்கி அறுத்துவிட முடியாது. சில வீடுகள் சேர்ந்து முன்கூட்டியே ஆட்டைப் பேசி வைக்கும். தீபாவளி விடியலில் அறுத்து, கறி, எலும்பு, ஈரல், குடல் எல்லாவற்றையும் கலந்து கூறு வைப்பார்கள். ஒருவர் கூறுகளுக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்பார். இன்னொருவர் கூறு ஒன்றைக் குச்சியால் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். அதற்கப்புறம் எனக்கு ஈரல் வரவில்லை, எலும்புதான் வந்தது என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

"விதை போடுறதுக்கு முன்னாடியே பஜார் வீடுங்க காசு குடுத்துப் பங்கு சேருங்க. வெளையுறத சனிக்கெழம காலையில கொண்டாந்து ஒங்க கடை வாசல்ல கூறு வைக்கிறோம். நான் திரும்பி நிக்கிறேன். எனக்குப் பங்கு வேணாம். பேரு சொல்றவ பங்கு எடுத்தா வாய் தடுமாறும்" என்றாய்.

நாம் நானா என்று கூப்பிடுகிற பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் தடுப்புக்கு மேலால் தலையை நீட்டினார். அந்த மனிதர் காதுக்குத் தப்பிப் போன பேச்சு இந்தப் பஜாரில் எது? "நல்ல வேலதானே தங்கச்சி. ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு நாங்களும் பங்குதானே போடுறது. என்னையும் சேருங்க" என்றார். இப்படித்தான், ஒரு சேலையை மடித்து முடிப்பதற்குள், ஒரு தோட்டத்துக்கு நாங்கள் பங்காளிகள் ஆனோம்.

முதல் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கிறது, சிரித்துச் சிரித்து. கடை வாசலில் சாக்கு விரித்து, தோட்டத்தில் காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்க நிற்கிற மாதிரி எல்லோரும் வரிசையாக நின்றோம். நீங்கள் மூவரும் கூடையைக் கவிழ்த்தீர்கள். போஞ்சி விழுந்தது. போஞ்சியா அது? விரல் நீளம்கூட இல்லை. உள்ளே விதை பிடிக்காத, பச்சை நூல் மாதிரியான பிஞ்சு. கீரையிலும் அப்படியே. கட்டு இல்லை, தண்டு இல்லை, நுனி நுனியாகக் கிள்ளி எடுத்த துளிர் மட்டும்.

நானா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது போஞ்சியா, தைக்கிற நூலா?"

செல்லம்மாக்காவுக்கு முகம் செத்துப்போனது. "முத்தினதுல கை வெச்சா மனசு அடிச்சுக்குது நானா. ரெண்டு எலையும் மொட்டுமாக் கிள்ளியே பழகின கை. முத்தல் எடுத்தா கங்காணி ஏசுவாரு."

"கங்காணியே இல்லையே அக்கா, நம்ம தோட்டமில்ல இது!" என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டு உன் கையை நீயே பார்த்தாய். பறித்தவர்களில் நீயும் ஒருத்தி. வந்த சிரிப்பில் நீ சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாய். அன்று மத்தியானம் அந்தப் போஞ்சியைத் தாளித்தவர்கள் யாரும் பிறகு சிரிக்கவில்லை. வாயில் போட்டதும் கரைந்தது. மறுவாரம் நீங்கள் ஒழுங்காக முற்றிய காய் கொண்டுவந்தபோது, நானா கோபித்துக்கொண்டார். "எனக்கு அந்தக் கொழுந்து போஞ்சிதான் வேணும்." அன்றிலிருந்து ஒவ்வொரு கூறிலும் ஒரு பிடி கொழுந்து போஞ்சி என்பது சட்டமானது.

நிறுத்துத் தாருங்கள் என்று ஒருமுறை கேட்டேன். நானா தன் தராசைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார். நீ அதைத் திண்ணமாக மறுத்தாய். "கொழுந்து நிறுத்த காலமெல்லாம் கூடைக்குக் கழிச்சாங்க, தண்ணிக்குக் கழிச்சாங்க. எங்க தோட்டத்துல கழிவே கெடையாது. கண்ணு அளந்து வைக்கும், வாய் பேரு சொல்லும், அவ்வளவுதான்." தராசு வந்த வழியே திரும்பிப் போனது.

பிறகு அந்தப் பேய் மழைக்காலம். லீக்ஸ் அழுகியது. கரட் வெடித்தது. கோவா இலை சுருண்டு உருளவே இல்லை. மிஞ்சியது உருண்டை உருண்டையாக நோக்கோல் ஒன்றுதான். வாராவாரம் நோக்கோல். பொரியல், குழம்பு, சம்பல், சொதி என்று எல்லா வேஷமும் போட்டு அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இது சேலைக்கடைக்காரன் வீடா, நோக்கோல் ஆஸ்பத்திரியா?" என்றார். அந்தச் சனிக்கிழமை நான் உன்னிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

நீ சமாதானம் சொல்லவில்லை. இடுப்பில் கைவைத்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய்: "பங்குன்னா பங்கு. ஆட்டுல எலும்பையும் சேத்துத்தானே பங்கு வைக்கிறோம்? வெளைஞ்சதுல பங்கு கேட்டவங்க, வெளையாததுலயும் எடுத்துக்கங்க." அப்புறம் என் காதருகில் வந்து மெதுவாக, "ஒனக்குச் சின்ன நோக்கோலா வரணும்னு வேண்டிக்கிறேன்டி, முதுகுல கண்ணு இல்லியே" என்றாய். எனக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. என் கோபத்தை நீ ஒருநாளும் ஒழுங்காக முடிய விட்டதில்லை.

போன மழையில் நீ போய்விட்டாய். அதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், நாங்கள் அழுதோம். நான் இன்னும் சில நாள் அழுகிறேன். சனிக்கிழமை வாசல் வெறுமையாகக் கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் நுவரெலியாப் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. நல்ல மரியாதையான பிள்ளைகள். அவர்களும் பங்குதான் சேர்க்கிறார்கள். போனில் படம் படமாக வரும், நமக்குப் பிடித்ததைத் தொட்டால் போதும், அதைமட்டும் கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டு வாசலுக்கே தருவார்கள். மருந்துக்கடை வீட்டார் சேர்ந்துவிட்டார்கள். எனக்கும் ஒரு பெட்டி மாதிரிக்குத் தந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, கரட் எல்லாம் கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று இருந்தது. நான் ஆசைப்பட்டதெல்லாம் தொட்டிருந்தேன். நோக்கோல் படத்தை விரலால் ஒரே தள்ளு.

அதே வாரம் செல்லம்மாக்காவும் மேரியும் வந்து கடை வாசலில் நின்றார்கள், உள்ளே வரவில்லை. "விதை போடுற நேரம் தங்கச்சி. நீங்கல்லாம் பங்கு சேந்தாத்தான் போடணும். இல்லேன்னா நெலத்த இந்த மாசமே திரும்பக் குடுக்கச் சொல்லித் தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு. சும்மா போட்டு வெக்கக் கூடாதாம்" என்றார் செல்லம்மாக்கா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன் நிலம் கையைவிட்டுப் போவதா நிற்பதா என்பது என் கடை வாசலில் வந்து நின்றுவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பெட்டி மரக்கறியைச் சமைத்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். கறிச் சட்டியைக் கரண்டியால் கிளறினார். இன்னொருமுறை கிளறினார்.

"என்னாங்க தேடுறீங்க?"

"ஏன், நோக்கோல் ஒன்னும் இல்லையா?"

நீ இருந்து கேட்டிருக்க வேண்டும்! நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கே வெட்கமாகிவிட்டது. "இல்ல, சனிக்கெழம ஏசுறதுக்கு ஏதாச்சும் இருந்துச்சு. இப்ப எல்லாம் நம்ம கேட்டதாவே வருது. கேட்டதே வந்தா என்னா சாப்பாடு அது?" என்றார். சேலைக்கடைக்காரர் வாயிலிருந்து இப்படி ஒரு ஞானம் வரும் என்று யார் கண்டது? மறுநாள் விடிந்ததும் நான் பஜாரில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். நானா தன் பங்குக்குப் பள்ளிவாசல் பக்கம் இருக்கிற வீடுகளைப் பார்த்துக்கொண்டார். விதை விழுந்தது.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. திரும்பி நிற்க ஆள் இல்லை. இன்று காலை, கூறெல்லாம் வைத்து முடித்த பிறகு, எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மேரிதான் சொன்னாள், "அக்கா நீங்க நில்லுங்க. அவங்க கூட்டாளி நீங்கதானே."

"நான் நிக்கவா? நோக்கோலக் கண்டா மூஞ்சி சுளிக்கிறவ நான்!"

"முதுகு சுளிக்காதுதானே தங்கச்சி" என்றார் நானா.

நின்றேன். கடையின் பாதி தூக்கிய கதவைப் பார்த்தபடி, உன் இடத்தில். அப்போதுதான் தெரிந்தது, இங்கே நின்றால் சுளகில் புடைப்பதுபோல எல்லாக் குரலும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. யாருக்கு எந்தக் கூறின்மேல் ஆசை என்பது மூச்சுவிடுவதிலேயே தெரிகிறது. நீ எப்படித்தான் சிரிக்காமல் நின்றாயோ. செல்லம்மாக்கா குச்சியால் தொட்டுத் தொட்டு, "இது யாருக்கு? இது யாருக்கு?" என்றார். நான் வீட்டுப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். நானாவுக்கு ஒன்று போனது. என் வீட்டுக்கும் ஒன்று போனது. எல்லாப் பெயரும் தீர்ந்தது.

"இது யாருக்கு?"

மருந்துக்கடை வீட்டார் விலகியதை மறந்து, செல்லம்மாக்காவும் மேரியும் ஒரு கூறு கூடுதலாக வைத்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. பெயர் கேட்டால் பெயர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தெரியும். வாயில் வந்தது உன் பெயர்.

நான் திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்போது செல்லம்மாக்காவின் குரல் மட்டும் வந்தது. "சொன்னா சொன்னதுதான். இத்தன காலம் நின்னாளே, ஒரு பங்கு எடுத்தாளா அவ? இனிமேயாச்சும் எடுக்கட்டும்."

யாரோ கைதட்டினார்கள். நானாவாகத்தான் இருக்கும். திரும்பினேன். உன் கூறில் இரண்டு லீக்ஸ், கொஞ்சம் கரட், ஒரு பிடி கொழுந்து போஞ்சி. நடுவில், இருப்பதிலேயே பெரியதாக, குழந்தைத் தலை அளவுக்கு ஒரு நோக்கோல். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இந்தப் பருவம் முழுக்க உன் பேரிலும் ஒரு பங்கு, அது என் பொறுப்பு என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர், "ரெண்டு வீட்டு நோக்கோலா?" என்று மட்டும் கேட்டார்.

கடையை அவரிடம் விட்டுவிட்டு, உன் பங்கைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். உன் மாதிரி சரசரவென்று ஏற எனக்கு வராது. பாதி வழியில் உன்னை நன்றாக ஏசினேன். லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்திருப்பதாக மேரி சொல்லியிருந்தாள். பச்சைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். பையை அவள் பக்கத்தில் வைத்தேன்.

"யாரு குடுத்துவிட்டது அக்கா?"

உன் பெயரைச் சொன்னேன்.

அவள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள். "அவங்கதான் இல்லையே."

"ஆளு இல்ல. பங்கு இருக்கு" என்றேன்.

அவள் பையைத் திறந்து பார்த்தாள். "ஐயோ, நோக்கோல்!" என்று முகம் மலர்ந்து சிரித்தாள். வருகிற சனிக்கிழமையும் நான்தான் தூக்கி வருவேன்.