இரண்டு தாளையும் சேர்த்துப் படி

இல்லை, கையெழுத்துப் போடாதே. ஏஐ இரண்டு ஒப்பந்தத்தையும் பார்த்துப் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதே, அப்புறம் என்னப்பா பயம் என்று கேட்டிருந்தாயே பெகிமாய், அதற்குத்தான் இந்தப் பதில். நலமா என்று கேட்பது இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. தோக்மொக்கில் முதல் பனி விழுந்து இரண்டே நாளில் சேறாகிவிட்டது, வேனைக் கழுவிக் கழுவி என் கை மரத்துப்போகிறது. நீ காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் அறையில் முதலாளி மனைவியின் தங்கையும் படுக்கிறாள் என்றாய், அதனால்தான் போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறேன். படித்ததும் கோட்டுப் பைக்குள் வை, தலையணைக்கு அடியில் வைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏஐயிடம் தையல் வேலை ஒப்பந்தத்தை ஒரு நாள் காட்டிக் கேட்டாய், அறை ஒப்பந்தத்தை இன்னொரு நாள் காட்டிக் கேட்டாய். நீ அனுப்பிய நகலை வைத்து நானும் அப்படித்தான் கேட்டுப் பார்த்தேன், எனக்கும் அதே பதில்தான். வேலையை விடுவதென்றால் இரண்டு மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும், இது பல இடத்திலும் உண்டாம். வேலையில் இருக்கும்வரைதான் அறை, அதுவும் உண்டாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் கல்லூரியை முதல் வருஷமே விட்டுவிட்டு ஓடி வந்தவன், சட்டம் தெரியாது, ஆனால் இத்தனை வருஷம் பஸ் நிலையத்தில் நின்றிருக்கிறேன், ஏமாற்றுகிறவன் எப்படி யோசிப்பான் என்று தெரியும். இரண்டு தாளையும் ஒன்றாகப் போட்டு, என் பொண்ணு இந்த வேலையை விடணும்னு நினைச்சா முதல் நாளிலிருந்து அவளுக்கு என்னென்ன நடக்கும், வரிசையா சொல்லு என்று கேட்டேன். அப்போதுதான் வெளியே வந்தது. அறைத் தாளில் கடைசிக்கு முந்தின வரி, விடுவதாக எழுதிக் கொடுத்த அன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டும் என்கிறது. அறை போனால் அந்த நாட்டில் நீ தங்குவதற்கான பதிவை வீட்டுக்காரன் ரத்து செய்யலாம். வீட்டுக்காரன் யார், அதே முதலாளி. அப்புறம் இரண்டு மாதம் நீ எங்கே தங்கி வேலைக்குப் போவாய்? பதிவு இல்லாமல் போலீஸிடம் மாட்டினால் எல்லையைத் தாண்டி அனுப்பிவிடுவான், திரும்ப உள்ளே விடமாட்டான். அதாவது ஒருமுறை உள்ளே போனால் யாரும் விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கவே முடியாது. இதற்கு ஒரு சட்டப் பிரிவின் எண்ணையும் அது சொன்னது. அதை அப்படியே நம்பவில்லை, நீ இருக்கும் அல்மாட்டியில் நம் ஆட்களுக்கு உதவுகிற வக்கீல் குல்சாத் அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். எண் தப்பு தம்பி, அது வேற நாட்டுச் சட்டம், ஆனா பொண்ணு மாட்டிக்கிறது நிஜம், கையெழுத்து வாங்க விடாதீங்க என்றார்.

இனிமேல் வீட்டில் நடந்த கூத்து. உன் முதலாளி இங்கே வந்தபோது ஆடு அடித்து, தலையை மரியாதையாக அவன் முன்னால் வைத்து, எல்லோரும் கையை விரித்து ஆமீன் சொல்லி முகத்தில் தடவிக்கொண்டோம், அவன் கொண்டுவந்த தாளை மட்டும் ஒருத்தரும் முன்னால் வைத்துப் பார்க்கவில்லை. அதனால் உன்னை அவனிடம் கொண்டுபோய் விட்ட உன் மாமா சாதிர்பெக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன். குதித்தார். ஆமீன் சொன்னப்புறம் காகிதத்தைத் தோண்டுவியா மாப்ளே, அவன் யாரு, ஏழு பாட்டன் பேரைச் சொல்லிட்டு வந்தா ஆறாவதுல நாம ஒண்ணாயிடுறோம், சொந்தக்காரன் மேல போனை ஏவிவிடுறியே என்றார். மச்சான், அந்த ஏழு பாட்டன்ல எவனாவது எம்பொண்ணுக்கு ராத்திரி படுக்க இடம் குடுப்பானா என்று கேட்டேன். அம்மா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, எங்கண்ணன் மூஞ்சியில கரி பூசாம உனக்கு டீ இறங்காதா என்று என்மேல் பாய்ந்தாள். சரி, அவனையே கேளுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டார். மாமா பாவம், பெகிமாய் தாள்ல ஒரு சின்னச் சந்தேகம் என்று மட்டும்தான் சொன்னார், எந்தத் தாள் எந்த வரி ஒன்றும் சொல்லவில்லை. அவன் உடனே சிரித்துக்கொண்டு, அந்த ரூம் காலி பண்ற வரிதானே அண்ணே, நம்ம பொண்ணுக்கு அடிச்சு விட்டுடறேன், மத்த பொண்ணுங்க காதுல போடாதீங்க என்றான்.

மாமா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அவனுக்குத் தெரிஞ்சேதான் எழுதியிருக்கான் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். நான் கூட்டிட்டுப் போனேன், நானே போய் கூட்டிட்டு வர்றேன் என்று மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சனிக்கிழமை அங்கே இருப்பார், அதுவரை எதற்கும் தலையாட்டாதே. வரியை அடித்துத் தருகிறேன் என்று அவனே வந்து நின்றாலும் போடாதே, ஒருத்தியை வெளியே விட்டுவிட்டு மற்றவர்களைப் பூட்டி வைக்கிறவனிடம் உனக்கு வேலை வேண்டாம். குல்சாத் அக்கா வேறு தையல்கூடம் ஒன்று சொல்லியிருக்கிறார், அந்தத் தாளையும் முதலில் எனக்கு அனுப்பு. பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் நகல் மட்டும் கொடு. நான் கோடு போட்ட இரண்டு தாளும் இதோடு இருக்கிறது, அந்தத் தங்கை இல்லாத நேரமாகப் பார்த்து மற்ற பெண்களுக்குக் காட்டு. அவன் காட்டாதே என்றான், காட்டு. கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் இருந்தால் குல்சாத் அக்காவைக் கூப்பிடச் சொல், நம்பர் தாளின் பின்னால் இருக்கிறது. உன் வழி திறந்திருக்கட்டும், கண்ணு, உன் தலை யார் முன்னாலும் குனியாமல் இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், உன் அம்மா நேற்று

அல்மாட்டி பஸ் டிரைவர் ஜெனிஷ் உறையைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், வண்டி கிளம்பப் போகிறது, மீதியை மாமா வந்து சொல்வார்.

அப்பா எர்மெக்