மூணு சென்சாரும் நல்ல சென்சார்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதீங்க. நான் நல்லா இருக்கேன்.

நேத்து போனை எடுக்காததுக்குக் காரணம், ஒர்க் ஷாப்புக்கு வந்த ஒரு பழைய கார். ஓடும்போதே இன்ஜின் நின்னுடும். கம்ப்யூட்டர்ல போட்டா சென்சார் போச்சுன்னு காட்டும். மூணு தடவை மாத்திட்டேன். "போலி சாமான் போடுறியாம்மா?"ன்னு கார்காரர் கத்தினார். இன்னொரு தடவை நின்னா உனக்கு இங்க வேலை இல்லைன்னு முதலாளி சொல்லிட்டார்.

ஷெட்டுல அது நிக்கவே இல்லை. அதனால நானே மேம்பாலத்துல ஏத்திப் பார்த்தேன். பாதி ஏத்தத்துல நின்னுடுச்சு. பின்னால வந்த லாரி கொஞ்சம் கிட்ட வந்து பிரேக் போட்டுச்சு, அவ்வளவுதான். இறங்கி பானெட்டைத் திறந்தேன். பார்த்தா, சென்சார் வயரைப் பிடிக்கிற கிளிப்பே இல்லை. மேடு ஏறி இன்ஜின் சாயும்போது மட்டும் வயர் சூடான சைலன்சர் குழாய்ல பட்டு, மேல் உறை உருகி ஷார்ட் ஆகியிருக்கு. அதைத்தான் கம்ப்யூட்டர் சென்சார் போச்சுன்னு காட்டியிருக்கு. வயரை மாத்திக் கட்டினேன். இன்னைக்குப் பாலத்தை நிக்காம தாண்டிடுச்சு. கார்காரர் சாவியை வாங்கிட்டுப் போனார்.

லாரி விஷயம் அம்மாவுக்கு வேண்டாம்.

நம்ம ஸ்கூட்டர் ஏதோ சத்தம் போடுதுன்னீங்களே, அதை ஸ்டார்ட் பண்ணி போன்ல பதிஞ்சு அனுப்புங்க. பக்கத்துல அம்மா உங்களைத் திட்டிக்கிட்டு இருந்தா, நிறுத்தச் சொல்லாதீங்க, அதுவும் சேர்ந்து பதியட்டும்.

அடுத்த வண்டி வந்துடுச்சு.

உங்க மகள்