ஹெல்மெட்டுக்கு வெட்டிய தொப்பி

அன்புள்ள மாமா,

நலம் விசாரிக்க எனக்கு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மழைக்கோட்டு விற்றவரை நேற்று பார்த்தேன்.

பச்சைமலையிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கிச் செத்தீர்கள் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அரியலூர் சிமெண்ட் ஆலையில் உங்களோடு ஷிப்ட் பார்த்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பின்னால் வந்தவன் நான். கோட்டின் தொப்பி சரிந்து உங்கள் கண்ணை மூடியதைப் பார்த்தேன். “மாப்ள, ஒண்ணும் தெரியலடா” என்று சிரித்தீர்கள். அடுத்த காலைப் பாறைக்கு வெளியே வைத்தீர்கள்.

அந்தக் கோட்டைக் கண்ணில் காட்டாதே என்றாள் அக்கா. நான் அதை மேசையில் விரித்துத் தையல் தையலாகப் பார்த்தேன். பைக் ஓட்டுகிறவனுக்குத் தைத்தது மாமா அது. தொப்பி ஹெல்மெட்டுக்கு மேல் போடும் அளவு. வெறுந்தலையில் மூக்கு வரை இறங்கும், தலை திரும்பினாலும் அது திரும்பாது. முதுகில் காற்றுக்காக வலை வைத்த திறப்பு. பைக்கில் மழை நெஞ்சில் அடிக்கும், சரி. குனிந்து மலை ஏறுகிறவனுக்கு எங்கே விழும்? கழுத்தில் இருந்த ‘மலையேற்ற ஸ்பெஷல்’ லேபிளை உரித்தேன். அடியில் பைக் படம் போட்ட பழைய லேபிள் இருந்தது.

மலிவாகக் கேட்டது உங்கள் தப்பா? மலிவிலும் ஒழுங்கான கோட்டு கிடைக்கிறது. இதைப் படிக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பியைப் போட்டு, நாடாவை இழுத்துக் கட்டி, தலையைத் திருப்பிப் பாருங்கள். கூடவே திரும்பினால் வாங்குங்கள். உள்பக்கம் தையல் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஊசி போன ஓட்டையெல்லாம் ஒழுகும். நீளம் முழங்காலைத் தாண்டக் கூடாது. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

பெரம்பலூர் கடைவீதியில் நேற்று நல்ல மழை, அவர் கடையில் நல்ல கூட்டம். உங்கள் கோட்டை எடுத்துக் கல்லா மேல் போட்டு, நடந்ததைச் சொன்னேன்.

“வழுக்கி விழுந்ததுக்கு நான் என்ன தம்பி பண்றது? விதிங்க அது.”

“சரிங்க. இதைப் போட்டுக்கிட்டு உங்க கடைப் படியில ஒருதரம் இறங்கிக் காட்டுங்க. நான் போயிடறேன்.”

“வெளையாடுறீங்களா?”

கோட்டு வாங்க வந்திருந்த ஓர் அம்மா, “போட்டுத்தான் காட்டுங்களேன். எம் மவனுக்கும் இதையேதான எடுத்துக் குடுத்தீங்க” என்றார்.

கூட்டம் பார்த்தது. வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டு படிக்கு வந்தார். தொப்பி மூக்கில் வந்து நின்றது. ஒரு கால் காற்றில் தடவியது, கை சுவரைத் தேடியது.

“தம்பி, ஒண்ணும் தெரியல தம்பி.”

உங்கள் வார்த்தை, மாமா. அவருக்குப் பிடிக்கச் சுவர் இருந்தது. நான் கை கொடுக்கவில்லை. அந்த அம்மா, தான் எடுத்த கோட்டைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து நெட்டில் போட்டேன். மாவட்டமே பார்த்துக்கொண்டிருக்கிறது.

வீட்டில் அக்காவிடம் காட்டினேன். பாதியிலேயே போனைத் திருப்பிக் கொடுத்தாள். “இதோட வுட்டுருடா. அவர் திரும்பி வரப் போறாரா?” என்றாள். உங்களிடம் சொல்கிறேன்: விட மாட்டேன்.

இன்று காலை அந்தப் பக்கம் போனேன். கடை வாசலில் அதே கோட்டுகள், அதே ‘மலையேற்ற ஸ்பெஷல்’. இந்தத் தடவை லேபிளைப் பசை போட்டு அழுத்தி ஒட்டியிருக்கிறார்.

ஒட்டட்டும். இனி மழை பெய்யும் ஒவ்வொரு நாளும் உங்கள் கோட்டைப் போட்டு, தொப்பியை இழுத்து விட்டு, அந்தப் படியில் நிற்பேன். வாங்க வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கடைசி லேபிளை அவர் கையாலேயே உரிக்க வைக்கிறேன், மாமா. அதுவரை அந்தக் கோட்டில் உள்ள சேற்றைத் துவைக்க மாட்டேன்.

உங்களுக்குப் பின்னால் இறங்கி வந்த மச்சினன்,
கார்த்தி