ஜன்னல் சாத்திய ஷெட்டில் மூச்சுப் பயிற்சி

ஜனவரி 20, 2025, திங்கள்

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து நாடி சுத்தி செய்தேன். வலது மூக்கை மூடி இடதில் இழுத்து, இடதை மூடி வலதில் விட்டு, அதே போல் திருப்பி, பன்னிரண்டு சுற்று. படபடப்பு இறங்கிவிட்டது. பாலும் பொங்காமல் பிழைத்தது.

மூன்று வாரத்துக்கு முன்பென்றால் இந்நேரம் செத்தே போவேன் என்று முடிவுகட்டி, மகள் இனியாவை யார் வளர்ப்பார்கள் என்பது வரை யோசித்திருப்பேன். ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை ஈசிஜி எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, பயம்தான் என்று சொல்லி அங்கேயே யோகா அறைக்கு அனுப்பினார்கள். அங்கே வெண்பா மேடம் சொல்லிக்கொடுத்ததுதான் இதெல்லாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சரியாகிவிடுமா என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்குச் சரியாகிறது.

ஜனவரி 24, வெள்ளி

வேலை செய்யும் பீங்கான் ஷெட்டில் வைத்தே படபடப்பு வந்துவிட்டது. உப்புத்தாளால் ஃப்யூஸ் கட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், கை தவறி ஒன்று கீழே விழுந்து மாவாய்ப் போனது. சூளைக்குப் போகாத பச்சைச் சாமான் அப்படித்தான், தொட்டால் உதிரும். மூலையில் போய் உட்கார்ந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பத்து நிமிடத்தில் எழுந்து வந்து வேலையைப் பார்த்தேன்.

பக்கத்துப் பலகையில் உட்காரும் கிரேசியக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பதினாலு வருஷமாக இதே ஷெட்டில் இருப்பவர். அவருக்குக் கொஞ்ச நாளாக வறட்டு இருமல். எனக்கும் சொல்லித் தா வளரு என்றார். மந்திரம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார், மாதா கோவிலில் சாமியார் ஏதாவது சொல்வாரோ என்ற பயம். மந்திரமும் இல்லை ஒன்றும் இல்லை, நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விட வேண்டும் என்றேன். எண்ணினால் தப்பிப்போகிறது என்று, ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தில் பாதிக்கு இழுத்து மீதிக்கு விடுகிறார். என் நாலைவிட அவருடைய பாதி நீளம்.

ஜனவரி 28, செவ்வாய்

ஒன்பது பேர் ஆகிவிட்டோம். சாப்பிட்டு முடித்து, கால் மணி நேரம். டீக்கடைப் பக்கம் ஆண்கள் கூட்டம், சூளைப் பக்கம் சூடு. தேய்க்கிற ரூம்தான் வசதி. பச்சைச் சாமான் காற்றுப் பட்டால் ஒருபக்கம் மட்டும் காய்ந்து கீறல் விட்டுவிடும் என்று அங்கே ஜன்னலைத் திறக்க மாட்டார்கள், ஃபேனும் போட மாட்டார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. வாயில் கட்டிய துண்டை அவிழ்த்து மடியில் வைத்துவிட்டு எல்லோரும் கண்ணை மூடுகிறோம்.

முடிவில் வண்டு மாதிரி ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம். ஒன்பது பொம்பளைகள். மேஸ்திரி பழமலைநாதன் மோட்டார் ரிப்பேர் என்று ஓடி வந்தார்.

பிப்ரவரி 3, திங்கள்

என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எட்டாவது ஃபெயில் நான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கிரேசியக்காவுக்கு இருமல் அதிகமாகிவிட்டது. பயிற்சியின் நடுவில் எழுந்து போய் இருமிவிட்டு வந்தார். பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கிற கழிவெல்லாம் வெளியே வருகிறது, இன்னும் ஆழமாக இழுங்கள் என்றேன். இதை வெண்பா மேடம் எனக்குச் சொல்லவில்லை. போனில் எங்கேயோ கேட்டது. டீச்சர் ஆகிவிட்டேனே, ஏதாவது பதில் சொல்ல வேண்டாமா.

பிப்ரவரி 17, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். வெண்பா மேடம் சந்தோஷப்பட்டார். அப்புறம், “எங்கம்மா உக்காந்து செய்யறீங்க?” என்று கேட்டார்.

“நல்லா காத்து வர்ற எடம் மேடம்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பொய்யே திரும்பத் திரும்ப வந்தது. நாடி சுத்தி செய்தும் அடங்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று நான் கண்ணை மூடவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அது வழியாக மதிய வெயில் ஒரு கோடாக உள்ளே விழும். அந்தக் கோடு முழுக்கத் தூசி. நாங்கள் மூச்சை விடும்போது தூசி தள்ளிப்போனது. இழுக்கும்போது எங்கள் பக்கம் வந்தது. காலையிலிருந்து மதியம் வரை நாங்களே தேய்த்துப் பறக்கவிட்ட தூசி. வேலை நேரத்திலாவது துண்டு கட்டியிருப்போம். எல்லோரும் வாய்த்துணியை அவிழ்த்து வைத்துவிட்டு, முகமெல்லாம் சாந்தமாக, நான் சொன்ன மாதிரியே ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். கிரேசியக்காவின் உதடு மட்டும் ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

கையைத் தட்டி நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பன்னிரண்டு சுற்றும் முடியும் வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

தலைவலி என்று சொல்லி ஒதுங்கினேன். டீச்சர் இல்லாமலே செய்து முடித்தார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

இனிமேல் வெளியே வேப்பமரத்தடியில் செய்யலாம், வெயில் படுவது உடம்புக்கு நல்லது என்றேன். காரணம் சொல்லவில்லை. தூசி என்று சொன்னால் நாலு வாரமாக என்னை என்ன செய்யவைத்தாய் என்று கேட்பார்களே. எட்டுப் பேரில் ஏழு பேர் வந்தார்கள். வெளிக்காற்று பட்டால் இருமல் வருகிறது என்று கிரேசியக்கா மட்டும் உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். நான் இங்கயே பண்ணிக்கிறேன், நீங்க போங்க என்றார்.

போய் இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்குத் தைரியம் எங்கிருந்து வரும்?

மார்ச் 1, சனி

ரயில்வே ஜங்ஷனில் கிரேசியக்காவால் மேம்பாலப் படி ஏற முடியவில்லை. பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். அவர் வீட்டுக்காரர் ஸ்டான்லி போன் செய்து, நீங்கதான் மூச்சு விஷயம் தெரிஞ்ச ஆளாச்சே, இப்ப என்ன பண்றதுன்னு சொல்லுங்க என்றார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். போனை வைத்ததும் ஒரே கேள்விதான். நான் கொன்னுட்டேனா? நான்தான் கொன்னுட்டேனா அவங்கள?

மார்ச் 3, திங்கள்

வேலைக்குப் போகாமல் நேராகக் கிரேசியக்கா வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வரக்காப்பி கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டால் பேசமாட்டேன் என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

“அக்கா, அந்த ரூமுல உங்கள மூச்சு இழுக்கச் சொன்னது தப்புக்கா. தூசிய எல்லாம் உள்ள இழுத்துட்டோம்.”

சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது உனக்கு எப்பத் தெரியும்?”

“பதினெட்டாந்தேதி.”

“அப்பறம் எதுக்கு வெயிலு நல்லதுன்னு சொன்ன?”

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காப்பி ஆறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். கிரேசியக்கா காலையில் கோவிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே போய் எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். இரண்டு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக இருக்கிறதாம். எத்தனை வருஷமாக இந்த வேலை என்று டாக்டர் கேட்டாராம். பதினாலு என்றதும், இது பல வருஷத்துத் தூசி, ஒரு மாசத்தில் வருவதில்லை என்றாராம். இனி அந்த வேலைக்குப் போகக் கூடாது. அந்த ரூமில் வேலை செய்கிற எல்லோரும் வந்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ஸ்டான்லிதான் சொன்னார். அக்கா என்னிடம் பேசவில்லை. ஒரு மாசத்தில் வருவதில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் கொஞ்சமாவது நான் சேர்த்திருப்பேன் இல்லையா? அதை எந்த எக்ஸ்ரேயில் பார்ப்பது?

மார்ச் 7, வெள்ளி

சாப்பாட்டு வேளையில் எல்லோரையும் உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னேன். ரீட்டா, இதையெல்லாம் முன்னாடியே சொல்றதுக்கென்ன என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போனாள். ஒருத்தி அழுதாள். என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிடவில்லை.

மேஸ்திரியிடமும் போனேன். ஜன்னலைத் திறந்தால் சாமான் கீறும், யார் பதில் சொல்வது என்று கத்தினார். சாமான் கீறினால் மறுபடியும் பிசைந்து செய்யலாம் என்றேன். என் குரல்தானா அது? நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் உட்காரவில்லை.

மார்ச் 12, புதன்

மாசி மகம். ஷெட் லீவு. ஊரே மணிமுத்தாற்றில் இருக்கிறது, நான் வீட்டில் இருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

தேய்க்கிற வேலையை மட்டும் வெளி வராண்டாவுக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே ஜன்னல் இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. எக்ஸ்ரே எடுக்க ரீட்டாவும் இன்னொருத்தியும் வரமாட்டேன் என்றார்கள், புள்ளி இருந்தால் வேலை போய்விடும் என்ற பயம். மீதி ஆறு பேர் புதன்கிழமை போகிறோம்.

மார்ச் 19, புதன்

ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினால், எக்ஸ்ரே அறை வாசலில் கிரேசியக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை வாங்க வந்தாராம். மற்ற ஐந்து பேரையும் விசாரித்தார். என் பக்கம் திரும்பவில்லை. அன்று சுவர்ப்பக்கம் திரும்பியதோடு சரி, பதினாறு நாள் ஆகிறது.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஜில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி, கையை இடுப்பில் வைத்து நின்றேன். அந்தத் தம்பி கதவைப் பாதி சாத்திவிட்டு, “நல்லா மூச்ச இழுத்து அப்பிடியே நிறுத்துங்க” என்றார். வரவில்லை. பாதியிலேயே நின்று நடுங்கியது. இன்னொரு தடவை என்றார். அதுவும் வரவில்லை. உள்ளே எவ்வளவு கிடக்கிறதோ என்ற பயத்தில் நெஞ்சு திறக்கவே மாட்டேன் என்றது. என்னம்மா, மூச்சு இழுக்கத் தெரியாதா என்று அந்தத் தம்பி சலித்துக்கொண்டார்.

கதவுக்கு வெளியிலிருந்து கிரேசியக்கா குரல் கேட்டது. “வளரு, எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தியேடி. நீ ஒழுங்கா இழு.”

இழுத்தேன். வெள்ளிக்கிழமை ரிசல்ட்.