பன்னிரண்டு அடிச் சாய்தளம்

சங்கரன்கோவில்
17.06.2025

அன்புள்ள அண்ணன் சுடலைமணிக்கு,

தங்கை இசக்கிசெல்வி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மதினிக்கு முதுகுவலி குறைந்ததா? போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் போடு. ஊராருக்கெல்லாம் மனு எழுதுகிறவள் உனக்கு ஒன்று எழுதக் கூடாதா?

புளியங்குடி சாலையில் நீ கட்டும் அரசு சேவை மையத்தை நேற்று என் மூன்று சக்கர வண்டியில் போய்ப் பார்த்தேன். இருபது வருஷமாக தாலுகா ஆபீஸ் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்து மனு எழுதுகிறேன். இனி உள்ளேயும் போகலாம் என்று பூரித்துப் போயிருந்தேன். வடகிழக்கு மூலையில் மடங்கி மடங்கி ஏறும் சாய்தளத்தை வரைபடத்தில் நீதானே காட்டினாய்? இப்போது அது வாசலுக்கு நேரே, சாலையைப் பார்த்துக் கிடக்கிறது. தரை மூன்றடி உயரம். டேப் பிடித்தேன், சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம்தான். ஓரடி ஏற பன்னிரண்டு அடி வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீ. கொத்தனார் தங்கப்பழத்தைக் கேட்டால், "எல்லாம் அண்ணாச்சி சொன்னதுதாம்க்கா" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை
செல்வி

பி.கு.: வழக்கம்போல் கார்பன் வைத்து எழுதினேன். எழுத்து அழுத்தமாக இருப்பதைக் கோபம் என்று நினைக்காதே.

பாளையங்கோட்டை
24.06.2025

பாசமுள்ள தங்கச்சி செல்விக்கு,

நீ டேப்போடு வந்து நின்றதைத் தங்கப்பழம் சொன்னான். இனி எனக்கு மேலதிகாரி வேறு தேவையில்லை.

விஷயம் இதுதான். ஈசானிய மூலையில் பாரம் ஏற்றக் கூடாது என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். காண்ட்ராக்டர் அதைக் கேட்டு நடுங்கிப் போய், சாய்தளத்தை முன்பக்கம் மாற்றச் சொன்னார். முன்பக்கம் இருக்கிற இடமே அவ்வளவுதான். செங்குத்துதான், நான் மறுக்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் திறந்தாக வேண்டும், ஆடியில் யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள். பின்னால் சரிசெய்துகொள்ளலாம். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அம்மாவுக்கு மாத்திரை நேரத்துக்குக் கொடு.

அண்ணன்
சுடலைமணி

சங்கரன்கோவில்
29.06.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சாய்தளத்துக்கு வழுவழுவென்று டைல்ஸ் ஒட்டிவிட்டீர்கள். போட்டோவில் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம்தான். நேற்றுச் சாரல் விழுந்தது. தங்கப்பழத்திடம் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, மேலே ஈரத்தில் வைக்கச் சொன்னேன். அது உருண்டு, எங்கும் நிற்காமல், சாலைக்குப் போனது. புளியங்குடி பஸ் வந்து அதன் மேல் ஏறியது. தங்கப்பழம் சிரிக்கவில்லை. "எக்கா, இதை யாருட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். இதை மூடி வை அண்ணே. என் போன்றவர்கள் இன்னும் ஆறு மாதம் வெளியிலேயே இருக்கிறோம், பழகியதுதான்.

செல்வி

பாளையங்கோட்டை
05.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

எலுமிச்சம்பழத்துக்கு பிரேக் உண்டா? உனக்கு இந்தக் குறும்பு சின்ன வயதிலிருந்தே உண்டு.

மூடச் சொல்வது இனி நடக்காது. எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். போடாவிட்டால் என்னை வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். இப்போது உன்னால் ஓர் உதவி வேண்டும். பதினான்காம் தேதி திறப்பு விழாவில் நீதான் முதலில் ஏற வேண்டும். பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள், போட்டோ எடுத்ததும் இறக்கிவிடுவோம். என் தங்கச்சியே ஏறினாள் என்றால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஆடி கழிந்ததும் இடித்து மாற்றுகிறேன். அம்மா மேல் சத்தியம்.

அண்ணன்
சுடலைமணி

சங்கரன்கோவில்
09.07.2025

அண்ணனுக்கு,

நான் ஏற மாட்டேன். உன் கையெழுத்துக்கு என் உடம்பைச் சாட்சியாக வைக்காதே. அம்மாவை ஏன் இதில் இழுக்கிறாய்?

செல்வி

பாளையங்கோட்டை
15.07.2025

செல்விக்கு,

விழா நன்றாக முடிந்தது. உன்னிடம் மனு எழுத வருவாரே, சர்க்கரையில் ஒரு கால் எடுத்த குருவிகுளம் மூக்காண்டி அண்ணாச்சி, அவர் சக்கர நாற்காலியில் ஏறினார். பின்னால் இரண்டு பேர் தள்ளினார்கள். மாலை போட்டோம், மனிதருக்கு ஒரே சந்தோஷம். நீ பயந்தது போல் ஒன்றும் ஆகவில்லை பார்த்தாயா? கோபம் தீர்ந்ததும் எழுது.

சுடலைமணி

சங்கரன்கோவில்
31.07.2025

அண்ணனுக்கு,

இருபத்தொன்றாம் தேதி நடந்ததை உனக்குச் சொல்லியிருப்பார்கள். மூக்காண்டி அண்ணாச்சி தன் உதவித்தொகை பற்றிக் கேட்க மையத்துக்கு வந்திருக்கிறார். ஏறும்போது யாரோ தள்ளிவிட்டார்கள். இறங்கும்போது பின்னால் யாரும் இல்லை. சாரல் வேறு. நாற்காலி நேரே சாலைக்குப் போய்விட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு அவரே இல்லை.

விழா முடிந்த மறுநாள் அண்ணாச்சி, கழுத்தில் மாலையோடு எடுத்த போட்டோவை என்னிடம் காட்டி, "நான் ஏறிட்டேன் பாத்தியா, நீயும் வா தாயி" என்றார். நானும் சிரித்துக்கொண்டு நல்லாயிருக்கு என்றேன். ஏறாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் பெயர் கெடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்து நினைத்து அழுகிறேன்.

பதினாறாம் நாள்கூட ஆகவில்லை, நேற்று அவர் மனைவி பிச்சம்மாள் மதினி வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார். கவனக்குறைவாக நாற்காலியை ஓட்டினார் என்று போலீஸில் எழுதி வைத்திருக்கிறார்களாம். "அவுக ஒருநாளும் கவனமில்லாம இருந்ததில்ல தாயி. அத மட்டும் மாத்தி எழுதச் சொல்லு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். கையெழுத்துப் போட்ட இஞ்சினீயர் யாரென்று தெரியுமா என்று கேட்டார். "தெரியும் மதினி, எங்க அண்ணன்" என்றேன். கொண்டுவந்த காகிதங்களை அவர் மடித்து முந்தானையில் முடிந்தார். பிறகு எழுந்து, "அப்பம் நான் வேற ஆளப் பாத்து எழுதிக்கிடுதேன், ஒனக்கு எதுக்கு வம்பு" என்றார்.

நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மனுவை எழுதி முடித்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கிறோம். அதற்குள் நீயாகப் போய் உண்மையைச் சொன்னால், சொன்னான் என்று ஒரு வரி சேர்ப்பேன். இல்லையென்றால் உள்ளபடியே போகும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறாள்.

மனுவுடன் இணைப்பு: என் கடிதங்களின் கார்பன் நகல் மூன்று. உன் கடிதங்கள் மூன்று, அசல்.

இப்படிக்கு,
சு. இசக்கிசெல்வி
மனு எழுதுபவர்