கேடயம் கிடைக்காத கோதுமை

கிண்ணியா,
சனிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் றிஷானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நாங்க நல்லம், உம்மாட முழங்கால் மட்டும் நல்லமில்லையாம், அதையும் எழுதச் சொல்லி குசினியில இருந்து சத்தம் போடுறா. அவுஸ்திரேலியாக் குளிரில உன்ட சுகத்துக்கும் துஆச் செய்யிறோம்.

நேற்றுக் காலையில நீ போனில அனுப்பின வொய்ஸ் மெசேஜைக் கேட்டனான். கோதுமை நாற்றில ஒரு இலைத்துண்டு எடுத்து, அதிட மரபணுவை வாசிச்சு, முந்திப் பாண் சுட்டுப் பார்த்த கோதுமைகளோட ஒப்பிட்டு, எது நல்ல பாண் மாவாகும் எண்டு கதிர் வர முந்தியே உன்ட கணக்குச் சொல்லுமே, அந்தக் கணக்கு முதலாமிடம் குடுத்த கோதுமையில சுட்ட பாண் செங்கல் மாதிரி வந்திட்டாம். இருபதில பதினாலு நல்லா வந்தும் அந்த ஒண்டுக்காகப் படிப்பை விட்டிட்டு வரப்போறன் எண்டு அழுறாய். பொறு மகள், இங்க நடந்ததைக் கேள்.

எங்கட பேக்கரிச் சங்கத் தலைவர் ஹிஸ்புல்லா ஹாஜியார் உன்ட ஆய்வு வெற்றியெண்டு நேற்றுப் பின்னேரம் உனக்குப் பாராட்டு விழா வச்சவர். பேனரில அவர்ட படம் ஆளுயரம், உன்ட படம் முத்திரை அளவு, பக்கத்தில கோதுமை எண்டு நெற்கதிர், கீழ ‘உலகுக்குப் பாண் தந்த மங்கை’. உன்ட கோதுமைக்கு ஈஸ்ட்டே தேவையில்லை எண்டார் ஒருத்தர், அடுத்தவர் அது எங்கட தோப்பூர் நெல்வயலிலயும் விளையும் எண்டார், செயலாளர் அந்த இலையைச் சப்பினாலே பாண் ருசிக்கும் எண்டு முடிச்சார். நல்ல கைதட்டல். பிறகு என்னைக் கூப்பிட்டாங்க. மைக்கைப் பிடிச்சா உன்ட அழுகை காதுக்குள்ள நிக்குது, பொய் சொல்ல ஏலல்ல. மகள்ட முதலாம் நம்பர் கோதுமை கல்லாப் போச்சு, அது விளைஞ்ச வருஷத்து வெயில் அவட கணக்குக்குள்ள வரல்லயாம் எண்டு சொல்லிட்டன். ஹாஜியார் என்ட சட்டையை இழுத்து, வெற்றியைப் பற்றிக் கதைங்க எண்டு காதுக்குள்ள சொல்றார்.

அப்பதான் மூதூரில பேக்கரி நடத்துற நஸ்ரியா எழும்பினா. கோதுமை வாற கப்பல் மாறினா மாவும் மாறுது, எங்கட பாணும்தான் எழும்புறதில்லை, நாங்க அதை வெட்டிக் காயவச்சு ரஸ்க் எண்டு விக்கிறோம், இந்தப் புள்ள கல்லைக் கல்லெண்டு சொல்லியிருக்கு, எனக்கு இவட கணக்கிலதான் நம்பிக்கை எண்டா. சனம் சிரிச்ச சிரிப்பில விழா குழம்பிப் போச்சு, ஆளுக்காள் தங்கட கல்லுப் பாண் கதையை எடுத்திட்டாங்க. ஹாஜியார் மட்டும் சிரிக்கல்ல. உனக்கெண்டு செய்த கேடயத்தில ‘மகத்தான வெற்றிக்கு’ எண்டு பொறிச்சாச்சாம், அதால தர ஏலாதாம், பெட்டியோட கொண்டு போயிட்டார்.

நான் வெறுங்கையோட நெஞ்சு நிமிர்ந்துதான் வீட்ட வந்தனான். உன்ட ஆய்வில அந்தக் கல்லுப் பாணையும் ஒளிக்காம எழுது மகள். வெயிலையும் கணக்கில சேர்த்தா எந்தக் கோதுமை முதலாவதா வரும் எண்டு நஸ்ரியா கேட்டுவிட்டவ. எனக்குப் பதில் தெரியாது, உனக்கும் இன்னும் தெரியாது. தெரிஞ்சுகொண்டு வா.

நேரத்துக்குச் சாப்பிடு, உம்மாக்கு இண்டைக்கே போன் கோல் எடு. அல்லாஹ் உன்ட அறிவில பரக்கத் செய்யட்டும்.

உன்ட வாப்பா,
ஸெய்னுதீன்