சதகுப்பை டப்பா

பெர்கன், நார்வே
26 ஜனவரி 2025

அன்புள்ள அம்மணி,

போன ஞாயிறு போனில் "சாப்டீங்களா" என்று கேட்டாய். "ஆச்சு" என்றேன். அதற்கப்புறம் நாலு நிமிஷம் இரண்டு பேரும் உன் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் இங்கே வந்து மூன்று வருஷமாக இதே கதை. அதனால்தான் பேனாவை எடுத்துவிட்டேன்.

போன வாரம் எங்கள் பேக்கரி ஆட்களை எல்லாம் சனி ஞாயிறு கோபன்ஹேகனுக்குக் கூட்டிப் போனார்கள். இங்கே அது ஒரு வழக்கம். வெள்ளி சாயந்திரம் பையைத் தூக்கிக்கொண்டு ஜோடி ஜோடியாக இன்னொரு ஊருக்குப் போய், நடந்து, தின்றுவிட்டு ஞாயிறு திரும்பிவிடுகிறார்கள். நமக்குச் சனி ஞாயிறு என்றால் பிறந்தநாள் கேக் ஆர்டர். நம் பேக்கரியைப் பூட்டிவிட்டு உன்னை ஆனைமலைப் பக்கம்கூட ஒருநாள் கூட்டிப் போனதில்லை. கால்வாய் ஓரம் நடக்கும்போது அடிக்கடி இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ எப்போதும் என் இடப்பக்கம்தான் நடப்பாய்.

அங்கே ஒரு கடையில் உப்பு டார்ட் சாப்பிட்டேன். கம்பு மாவு மாதிரி கறுத்த மாவில் கிண்ணம் செய்து, புகை போட்ட சால்மன் மீனும் முட்டையும் க்ரீமும் ஊற்றிச் சுடுகிறார்கள். மேலே நூல் நூலாக ஒரு பச்சை இலை, டில் என்று பெயர். எங்கள் பேக்கரியிலும் மீன் பலகாரம் எல்லாவற்றுக்கும் அதுதான். நம் ஊரில் அதற்கு என்ன பெயரோ, படம் வைத்திருக்கிறேன். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் முட்டை பப்ஸே தின்று நம் பங்கு ஜனம் அலுத்திருக்கும். செய்து பார். அளவு தனித் தாளில்.

மே கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் நீ ஒரு சனி ஞாயிறு இங்கே வந்து பார்த்துவிட்டுச் சொல், போடட்டுமா வேண்டாமா என்று.

உன்
ஜெப்ரி


போத்தனூர், கோயமுத்தூர்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள ஏனுங்களுக்கு,

வேறெப்படிக் கூப்பிட? பெயர் சொல்லி எழுதினால் உங்கள் அம்மா பரலோகத்திலிருந்து இறங்கி வந்து கேட்பார்.

இரண்டு நாளைக்கு நான் நார்வே வரவேண்டுமா? போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் உங்களை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பார்க்கப் போகிறவர்கள்கூட அதைவிட அதிக நேரம் நிற்பார்கள்.

டார்ட்டுக்கு வருகிறேன். சால்மனுக்கு நான் எங்கே போக? உக்கடத்தில் அயிலை மீன் வாங்கி, பழைய ரஸ்க் டின்னுக்குள் கொட்டாங்குச்சிப் புகை போட்டேன். மெர்சி அக்கா கல்லாவை விட்டுவிட்டு இருமிக்கொண்டே வெளியே வந்து, "ஏம்மணி, கடையவே கொளுத்திப்போடுவியாட்ட இருக்குது" என்றார். மீன் நன்றாகத்தான் வந்தது. கம்பு மாவோடு பாதிக்குப் பாதி மைதா சேர்த்தால் கிண்ணமும் உடையவில்லை.

இலைதான் கிடைக்கவில்லை. படத்தைக் கொண்டுபோய் நாட்டு மருந்துக் கடை நரசிம்மலுவிடம் காட்டினேன். "இது சதகுப்பைங்க அம்மணி. எலை இல்லீங்க, வெதை இருக்குது. ஊட்டுல கொளந்த பொறந்திருக்குதுங்களா?" என்று கேட்டார். பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிண்ட அதைத்தான் வாங்குவார்களாம். இல்லைங்க என்று சொல்லிவிட்டு வாங்காமலே வந்துவிட்டேன்.

வாங்க வேண்டியதும் இல்லை. என் பிரசவத்துக்கென்று உங்கள் அம்மா வாங்கி வைத்த சதகுப்பை டப்பா, சமையலறை மேல்தட்டில் அப்படியே இருக்கிறது. பாப்பா இறந்தே பிறந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை.

நீங்கள் தெரிந்துதான் எழுதினீர்களா?

கரோலின்


பெர்கன்
9 மார்ச் 2025

அம்மணி,

சத்தியமாகத் தெரியாது. மூன்று வருஷமாகத் தினமும் அந்த இலையைக் கிள்ளித் தூவுகிறேன், வீட்டுக்கு வந்து கை கழுவினாலும் வாசம் போகாது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அந்த வேலையைப் பக்கத்தில் நிற்பவனிடம் தள்ளிவிட்டேன்.

போனில் வராததை எழுதிவிடுகிறேன். அந்த டிசம்பர் இருபத்து மூன்று. பாப்பா அசையவில்லை என்று வீட்டிலிருந்து கூப்பிட்டாய். அடுப்பில் பிளம் கேக். "தட்ட எடுத்துப்போட்டு வாரேன்" என்றேன். உள்ளே தட்டு இருக்கும்போது அடுப்பை விட்டு நகரக்கூடாது என்று பதினாறு வயதிலிருந்து பழகிய உடம்பு. ஒன்றை எடுத்தால் அடுத்தது பாதி வேக்காட்டில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்ற உன்னை முக்கால் மணி நேரம் வாசலில் நிற்கவைத்தேன். நம் மகள் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் போனாள்.

அப்புறம் நம் அடுப்பு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. சம்பளத்துக்காக வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். பொய். நீ ஒருநாளாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லதோ என்று தோன்றுகிறது.

ஜெப்ரி


போத்தனூர்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள ஏனுங்களுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை. டப்பாவை இறக்கி, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பித் திறந்தேன். வாசம் பாதிதான் இருந்தது. வறுத்து நுணுக்கி டார்ட் மாவில் சேர்த்தேன். சிலுவைப்பாதை முடிந்து வந்தவர்கள் அரைமணியில் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார்கள். ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்து, உள்ளே மைதா மூட்டை மேல் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. உங்கள் அளவில் உப்பு தூக்கல்.

இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை வெறுத்தாலும் சரி. டாக்டரம்மா அன்றைக்கே என்னிடம் சொன்னார், துடிப்பு விடிவதற்கு முன்பே நின்றிருக்கும் என்று. நான் உங்களைக் கூப்பிட்டது மத்தியானம். நீங்கள் பறந்து வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அதை நான் உங்களிடம் சொல்லவில்லை. காலையிலேயே அசைவு இல்லை என்று எனக்குத் தெரியும். பண்டிகை ஆர்டர் நேரம், உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மத்தியானம் வரை பார்த்தேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னால், காலையிலேயே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். அந்தப் பழி என் மேல் விழாமல் இருக்க, உங்கள் தட்டின் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் சூட்கேஸ் எடுத்த அன்றும் வாய் திறக்கவில்லை. என்னை மன்னிப்பீர்களா என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

போன கல்லறைத் திருநாளுக்கு அவளுக்கு ஒரு பெயர் வைத்து, கல்லில் வெட்டச் சொன்னேன். அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுதமாட்டேன்.

இரண்டு நாளைக்கு நான் அங்கே வரமாட்டேன். நீங்களும் இரண்டு நாளைக்கு இங்கே வராதீர்கள். வருவதானால் இருக்க வாருங்கள். எனக்கு நீங்கள் வேண்டும். இதை எழுதவே இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

உங்கள்
கரோலின்


பெர்கன்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மணி,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன் மேல் கடுங்கோபம். எத்தனை ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிட்டாய் என்று நேரில் பார்த்தால் கேட்க ஒரு பெரிய பேச்சே தயார் செய்தேன். மூன்றாம் நாள், அந்தக் காலை முழுக்க நீ வயிற்றில் கை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. பேச்சு மறந்துபோயிற்று.

ஒப்பந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மே முப்பத்தொன்றோடு வேலை முடிகிறது. டில் விதை ஒரு பொட்டலம் வாங்கியிருக்கிறேன், வீட்டுக்குப் பின்னால் போட்டால் முளைக்கிறதா பார்ப்போம். உப்பைக் குறைத்துவிடு.

ஜூன் ஆறு, வெள்ளிக்கிழமை. கொச்சியில் இறங்கி ரயில் பிடித்து மத்தியானம் போத்தனூர் வந்துவிடுவேன். முதலில் கல்லறைக்குப் போகலாம். கல்லை நானே படித்துக்கொள்ள மாட்டேன், நீ பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

ஸ்டேஷனுக்கு வா. அடுப்பில் தட்டு இருந்தால் பதறாதே, வெந்த பிறகு எடுத்துவிட்டே வா. எவ்வளவு நேரமானாலும் நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்
ஜெப்ரி